ஏழரைக் காசும் ஓடிபியும்

காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டால் 1986க்கு முன்னால் சிவில் கோர்ட் படிதான் ஏற வேண்டும். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் ரூபாய்க்கு ஏழரைக் காசு. ஒரு லட்சம் கேட்டு வழக்குப் போட 7,500 ரூபாய். புருஷனையும் இழந்து, பாலிசிப் பணமும் வராமல் நிற்கிறவள் அதை எங்கே போய்ப் புரட்டுவாள்? ஏழரை என்றதும் சனி ஞாபகம் வருவது நமக்கு இயல்புதான். 2017இல் அந்தக் கட்டணம் மூன்று காசானது.

1986இல் நுகர்வோர் சட்டம் வந்தது. காப்பீடும் ஒரு சேவை என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். ஸ்டாம்பு வேண்டாம், வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் மாவட்ட மன்றத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்க முடியாது. பிறகு அது ஐந்தாகி, இருபதானது. அதற்கும் மேல் என்றால் சென்னையில் இருக்கும் மாநில ஆணையத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

2020 ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தபோது 'மன்றம்' என்ற பெயர் 'ஆணையம்' ஆனது. ஜனங்களுக்கு அன்றும் இன்றும் அது கன்ஸ்யூமர் கோர்ட்டுதான். இப்போது குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று அதிகம் பேசப்படவில்லை. எந்த ஆணையத்துக்குப் போவது என்பதைக் கேட்கிற தொகை இப்போது தீர்மானிப்பதில்லை. கொடுத்த விலை தீர்மானிக்கிறது. காப்பீட்டில் கொடுத்த விலை பிரீமியம்தானே? கோடி ரூபாய் பாலிசிக்கும் பிரீமியம் சில ஆயிரங்கள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் வரை புகார்க் கட்டணமும் கிடையாது. இந்த ஏற்பாடு செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்கிறது சட்டம். வாய்தாக்கள் சட்டம் படிப்பதில்லை.

வழக்கின் கரு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது: அந்த விண்ணப்பப் படிவம். அன்று ஏஜென்ட் திண்ணையில் உட்கார்ந்து, காபி ஆறுவதற்குள் அதை நிரப்பிவிடுவார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்கக்கூட மாட்டார், வரிசையாக 'இல்லை'. கடைசியில் ஒரு கையெழுத்து, அல்லது கைநாட்டு. ஆள் போன பிறகு கம்பெனியிலிருந்து கடிதம் வரும்: 'நோயை மறைத்தார்.' மறைத்ததை நிரூபிக்கும் பாரம் கம்பெனி தலையில்தான். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடி ஆள் அனுப்புவார்கள். ஆயுள் பாலிசி மூன்று ஆண்டு தாண்டிவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று 2015இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மருத்துவக் காப்பீட்டில் அந்தக் கெடு 2024 முதல் ஐந்து ஆண்டு. அதில் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு மட்டும் விலக்கு உண்டு.

திண்ணை போய் செல்போன் வந்திருக்கிறது. கேள்விகளுக்கு 'இல்லை' தட்டுவது இப்போதும் வேறொருவர்தான்: பேங்க் கவுன்டர் பையன், மறுமுனையில் பேசுகிற பெண், வெளியூரிலிருந்து அவசரப்படுத்தும் மகன். கைநாட்டு இருந்த இடத்தில் ஆறு இலக்க ஓடிபி. எத்தனை மணி, எத்தனை நிமிடத்தில் அது பதிவானது என்று அச்சிட்ட காகிதத்தைக் கம்பெனி வக்கீல் நீட்டுகிறார். அந்த நிமிடத்தில் போன் யார் கையில் இருந்தது என்பதில் வாதம் தொடங்குகிறது.