மனையில்லா வீடு

சாம்பியன் ரீஃப் லைனில் குடியிருக்கும் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் அண்மையில் என் கடைக்கு வந்தார். மகன் அமெரிக்காவில் வேலையில் இருக்கிறான். "நயினாரே, பையன் சக்கரம் வெச்ச வீடு வாங்கப் போறானாம். வெலை கொறச்சல்னு சொல்றான். வாங்கலாமா?" என்று கேட்டார். நம் சங்கக் குடும்பங்களிலும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியவர்கள் உண்டு. ஆகவே விசாரித்தும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சக்கரத்தின்மேல் குடித்தனம் தமிழனுக்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டி வருகிறது. அதில் கோழிக்கூடு உண்டு, ஊறுகாய்ப் பானை தொங்கும், கைக்குழந்தைக்காரி மாட்டை ஓட்டுவாள். அது மெய்யாகவே நகர்ந்த வீடு. அமெரிக்காவின் 'மொபைல் ஹோம்' பெயரளவில்தான் நகரும். தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின்மேல் கட்டி, லாரியில் இழுத்து வந்து ஒருமுறை நிறுத்துவார்கள். பெரும்பாலான வீடுகள் பிறகு அசைவதே இல்லை. மறுபடி பெயர்த்துக் கொண்டுபோக ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும்.

அனுகூலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரைக்குள் கட்டுவதால் மழை வந்தாலும் வேலை நிற்காது. நிலத்தை நீக்கிப் பார்த்தால் சதுர அடி விலை சாதாரண வீட்டில் ஏறக்குறைய பாதிதான். அடுக்குமாடி போல அடுத்த வீட்டோடு சுவர் பங்கில்லை. சின்னச் சம்பளக்காரனுக்கு இது பெரிய விஷயம்.

பழைய வீடானால் கட்டிய ஆண்டைக் கட்டாயம் கேட்க வேண்டும். 1976 ஜூன் 15 முதல்தான் அந்நாட்டு மத்திய அரசின் கட்டுமான விதிகள் வந்தன. அதன்பின் கட்டியவற்றில், வெளிப்புறத்தில் சிவப்பு உலோகத் தகடு ஒன்று பதித்திருக்கும். 1992-ல் ஆண்ட்ரூ புயலில் இவ்வகை வீடுகள் ஏராளமாக நொறுங்கியபின், 1994-ல் காற்றுக்கான விதிகளை இறுக்கினார்கள்.

இனிமேல்தான் சங்கதி. பழந்தமிழில் 'மனை' என்றால் வீடு. இன்றைக்கு 'மனை வாங்கினேன்' என்றால் நிலம் வாங்கினேன் என்று பொருள். மொபைல் ஹோம் பலருக்கு மனையில்லா வீடு. சுவர் நம்முடையது, மண் இன்னொருவருடையது. மாதாமாதம் மண்ணுக்கு வாடகை கட்ட வேண்டும், அதை அவர் ஏற்றுவார். இடத்தை விற்றுவிட்டாலோ வீட்டைப் பெயர்க்க வேண்டும், அல்லது விட்டுவிட்டு வர வேண்டும். பல மாநிலங்களில் இதற்கு வண்டிக்குத் தருவது போன்ற உரிமைச் சீட்டுதான். அதனால் கடனுக்கு வட்டி கூடுதல், தவணைக் காலமும் குறைவு. ஊரில் மண் விலை ஏறும். அந்த லாபம் மண்ணுக்குடையவனுக்கு. இங்கிலாந்தில் நாம் வீட்டை விற்றால், விலையில் 10 சதவீதம் வரை இடத்துக்காரர் எடுத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது.

இதைத் தங்கவயல்காரனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாள் முதல் லைன் வீடுகள் கம்பெனி மண்ணில்தான். மூங்கில் தட்டிச் சுவர் கல்சுவரானது. பாட்டன் ஒரு திண்ணை போட்டார், தகப்பன் பின்பக்கம் ஓர் அறை இறக்கினார், மருமகள் மல்லிகைப் பந்தல் வைத்தாள். 1956-ல் சுரங்கம் அரசுடைமை ஆயிற்று. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வந்தது. மண் மட்டும் குடியிருந்தவன் பெயருக்கு வரவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபோது, ராபர்ட்சன்பேட்டையில் சொந்த மனை வைத்திருந்தவர்கள் பத்திரத்தை அடகு வைத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள். லைன்காரர் கையில் எந்தப் பத்திரம் இருந்தது? மூன்று தலைமுறை உழைத்த வீட்டுக்கு அவர்கள் பட்டா கேட்டு அலைந்தார்கள். ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: வேலை போனபின்னும், பெங்களூருக்கு விடியற்கால ரயிலில் போய்வரும் பிழைப்பிலும், தலைக்குமேல் கூரையாக இருந்தது அந்த வீடுதான். ஆகவே மனையில்லா வீடு அடியோடு வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இதற்கு வழியும் உண்டு. சொந்த மண் வாங்கி, நிரந்தர அஸ்திவாரத்தில் வீட்டை இருத்தினால், பல மாநிலங்களில் அதை நிலத்தோடு சேர்ந்த அசையாச் சொத்தாகப் பதியலாம். நியூ ஹாம்ப்ஷயரில் 1984 முதல் குடியிருப்போரே கூட்டுறவு அமைத்து இடத்தை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். லைன் வீடுகளுக்கு அப்படியொன்று செய்திருந்தால் என்று நினைக்கிறேன், என்ன பயன்!

வாடிக்கைக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, என் கடையிலிருந்தே மகனுக்குப் போன் போட்டார். விலையைக் கேட்கவில்லை. "டேய், மண்ணு யாருதுடா?" என்றார். அவன் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான்.