படகு இஞ்சின் சூடேறினால்



ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் தூண்டிலும் வலையுமாக ஆற்றுக்குப் புறப்படும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் உண்டு. பெர்ணம் ஆற்றோரத்திலும், சிலாங்கூர் ஆற்றோரத்திலும், கேரித் தீவிலும் வாழ்வோருக்கு இது புதிதன்று. சிறு படகு ஒன்று; அதன் பின்பலகையில் மாட்டிய இஞ்சின் ஒன்று. மலாய்க்காரர்கள் இதனை 'இஞ்சின் சங்குட்' என்பார்கள். மாட்டிவிட்ட இஞ்சின் என்று பொருள்.

புது இஞ்சின் வாங்க எல்லாராலும் முடிவதில்லை. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து, ஒருவர் பயன்படுத்திய பழைய இஞ்சினைத்தான் வாங்குகிறோம். அத்தகைய இஞ்சின்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு, அளவுக்கு மேல் சூடேறுவது. நடு ஆற்றில், நீர் வற்றிக் கடலை நோக்கி இழுக்கும் நேரத்தில், பிள்ளைகளும் படகில் இருக்கும்போது இஞ்சின் இறுகி நின்றுவிட்டால் என்ன செய்வது? அந்த நிலை வராமல் காப்பது எப்படி என்பதையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில், இந்த இஞ்சின் எவ்வாறு குளிர்கிறது? மோட்டார் சைக்கிளுக்குக் காற்று. லோரிக்கு ரேடியேட்டர். படகு இஞ்சினுக்கோ ஆறே தண்ணீர்த் தொட்டி. நீருக்குள் மூழ்கியிருக்கும் கீழ்ப்பகுதியில், விசிறிக்கு அருகே, சல்லடை போன்ற துளைகள் இருக்கின்றன. ஆற்று நீர் அவற்றின் வழியாக உள்ளே வருகிறது. அதற்கு மேலே சிறிய பம்ப் ஒன்று உண்டு. அதனுள் ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் சுழலும். இதற்கு இம்பெல்லர் என்று பெயர். விசிறியைச் சுழற்றும் அதே தண்டுதான் இதனையும் சுழற்றுகிறது. இம்பெல்லர் நீரை ஒரு குழாய் வழியாக மேலே ஏற்றுகிறது. அந்நீர் சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து மீண்டும் ஆற்றுக்கே போய்விடுகிறது.

மேலே ஏறும் நீரில் ஒரு சிறு பங்கு மட்டும் இஞ்சினின் பக்கத்திலோ பின்புறத்திலோ உள்ள துளை வழியாக நூல்போல் பீய்ச்சும். பம்ப் வேலை செய்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது. ஆகவே இதனை அடையாள நீர் என்று சொல்வோம். பால்மரத்தைச் சீவியதும் மங்கில் பால் ஒழுகுகிறதா என்று நம் கண் தானாகப் பார்க்கிறதல்லவா? அதுபோல இஞ்சினைக் கிளப்பியதும் அடையாள நீரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மிகப் பழைய சில இஞ்சின்களில் இத்துளை இல்லை. அவற்றில் பின்பக்கத்துப் புகைத் துளைகளில் நீர்த்திவலை தெறிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, ஆற்றில் போய்க்கொண்டிருக்கிறோம். அடையாள நீர் நின்றுவிட்டது. அல்லது இஞ்சினின் ஓசை மாறுகிறது, வேகம் தானாகக் குறைகிறது, பெயிண்ட் கருகும் வாடை வருகிறது. உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும். "கரை பக்கந்தானே, போய்ச் சேர்ந்துவிடுவோம்" என்று ஓட்டக்கூடாது. பம்பில் நீர் இல்லாவிட்டால் ரப்பர் இதழ்கள் சில நொடிகளிலேயே கெடத் தொடங்கும். சிறிது நேரத்தில் சிலிண்டருக்குள் பிஸ்டனும் இறுகிவிடலாம். சூடான இஞ்சின் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றவும் வேண்டாம். திடீரெனக் குளிர்ந்தால் உலோகம் கோணும். படகு அடித்துச் செல்லப்படாமல் நங்கூரத்தை இறக்குங்கள். பிறகு இஞ்சினைச் சாய்த்துத் தூக்கி, நீர் புகும் துளைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் பை, நீர்ப்பாசி, இலை, சேறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அடைத்திருக்கலாம். அதனை அகற்றி, இஞ்சின் நன்றாக ஆறிய பின் கிளப்பிப் பாருங்கள். நீர் வந்தால் மெதுவாகக் கரை சேருங்கள். வராவிட்டால் துடுப்புத்தான் துணை.

கரைக்கு வந்தபின் செய்யும் சோதனையை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பில் இஞ்சினைப் பிரிப்பவர் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குகிறார்.

முதலாவது, அடையாள நீர் வரும் துளை. குளவி மண் கூடு கட்டியோ, உப்பும் சேறும் படிந்தோ அது அடைபட்டிருக்கும். தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டு மெல்லக் குத்துங்கள். நீர் வந்துவிட்டால் கோளாறு அவ்வளவுதான்.

இரண்டாவது, இஞ்சின் மாட்டியிருக்கும் உயரம். பின்பலகை மிக உயரமாக இருந்தாலும், இஞ்சின் அளவுக்கு மேல் சாய்ந்திருந்தாலும், நீர் புகும் துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றை இழுக்கும்.

மூன்றாவது, இம்பெல்லர். மெதுவாக ஓடும்போது அடையாள நீர் மெலிந்து, வேகமெடுத்தால் நன்றாக வருகிறதென்றால் பெரும்பாலும் இதழ்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். நம் மேற்குக் கரை ஆற்றுமுகங்களில் சேறும் மணலும் மிகுதி. அவை அரத்தைப்போல இதழ்களை அராவும். இஞ்சின் பல மாதம் சும்மா கிடந்தாலும் இதழ்கள் வளைந்தபடியே விறைத்துப்போகும். ரப்பர் விறைப்பது எப்படியிருக்கும் என்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இம்பெல்லரை மாற்ற, முதலில் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். இஞ்சின் தற்செயலாகக் கிளம்பாது. கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, திருகாணிகளைக் கழற்றிக் கீழ்ப்பகுதியை இறக்கினால் பம்ப் தெரியும். பழைய இம்பெல்லரில் ஓர் இதழ் உடைந்திருந்தால், அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது மேலே போய் நீர்ப்பாதையை அடைக்கும். பம்பின் உட்சுவரும் அடித்தகடும் ஆழமாகக் கீறியிருந்தால் அவற்றையும் மாற்றவேண்டும். தண்டில் உள்ள சிறிய சாவித்துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தண்டு சுழலும், இம்பெல்லர் சுழலாது. புதியதில் சோப்பு நீர் தடவி, தண்டை அது வழக்கமாகச் சுழலும் பக்கமாகத் திருப்பிக்கொண்டே மூடியை இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். திரும்பப் பூட்டும்போது நீர்க்குழாய் பம்பின் வாயில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

நான்காவது, தெர்மோஸ்டாட். அடையாள நீர் நன்றாக வருகிறது, ஆனாலும் இஞ்சின் சூடேறுகிறது என்றால் இதனை ஐயுற வேண்டும். இஞ்சின் சூடாகும் வரை மூடியிருந்து பின் திறக்கும் கதவு இது. சில சிறு இஞ்சின்களில் இது இல்லை. இதனைக் கழற்றி, ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு நீரைச் சூடாக்குங்கள். பல இஞ்சின்களில் இது 50 முதல் 62 டிகிரி செல்சியசுக்குள் திறக்கத் தொடங்கும். நீர் கொதித்தும் திறக்கவில்லை என்றால் அது பயன்படாது. அது இல்லாமலேயே ஓட்டுவோம் என்று எண்ண வேண்டாம். இஞ்சின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் சரியாக எரியாது.

இத்தனையும் சரியாக இருந்தும் சூடு தணியவில்லையா? நீர்ப்பாதையில் உப்பு இறுகியிருக்கலாம். அல்லது சிலிண்டர் தலையின் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருந்தால் கேஸ்கெட்டின்மேல் ஐயம் கொள்ளலாம். இவற்றைப் பட்டறைக்காரரிடம் விடுவதே நல்லது.

எண்ணெயையும் மறக்கக்கூடாது. பழைய இஞ்சின்களில் பெரும்பாலானவை பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடுபவை. 50-க்கு 1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர் எண்ணெய். இன்னும் பழையவை சில இதைவிட அதிகம் கேட்கும். உங்கள் இஞ்சினுக்கு உரிய அளவைத் தெரிந்துகொண்டு கலக்குங்கள். எண்ணெயைக் குறைத்துக் காசு மிச்சம் பிடித்தால் பிஸ்டன் தேய்ந்து இறுகும்.

இனி, வருமுன் காப்பது. உப்பு நீரில் ஓடிய இஞ்சினுக்கு அன்றைக்கே நன்னீர் காட்ட வேண்டும். வீட்டிலுள்ள பெரிய பீப்பாய் போதும். விசிறியைக் கழற்றி, கீழ்ப்பகுதியும் பம்பும் நன்றாக மூழ்குமளவு நீர் நிரப்பி, கியர் போடாமல் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். இதனை வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும், புகை நஞ்சு. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிறகு இஞ்சினை நிமிர்த்தி வைத்து நீரை வடியவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது பம்பைத் திறந்து பாருங்கள்.

உதிரிப்பொருள் வாங்கப் போகும்போது, இஞ்சினைப் பலகையில் பிடித்திருக்கும் பகுதியிலுள்ள தகட்டில் காணும் எண்களை எழுதிக்கொண்டு போங்கள். எவின்ரூட் இஞ்சின்களின் உற்பத்தி 2020-இல் நின்றுபோனது. ஆயினும் அவற்றுள் பலவற்றுக்குரிய இம்பெல்லர்களை வேறு நிறுவனங்கள் செய்து விற்கின்றன. எண் தெரிந்தால் கடைக்காரர் பொருத்தமானதைத் தேடித் தருவார். புது இஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் இம்பெல்லரின் விலை மிகச் சிறிது.

இறுதியாக ஒன்று. படகோட்டும் தந்தையின் கண் ஆற்றின்மீது இருக்கும். எனவே அடையாள நீரைப் பார்க்கும் வேலையைப் பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். "அப்பா, தண்ணி நின்னுபோச்சு" என்று பிள்ளை சொன்னால், மறுபேச்சின்றி இஞ்சினை நிறுத்துங்கள். மிதவைச் சட்டை ஆளுக்கொன்று, துடுப்பு இரண்டு, நங்கூரம் ஒன்று இவையில்லாமல் படகைக் கரையிலிருந்து தள்ளாதீர்கள்.