ஒன்று கேட்டால் ஒன்பது கேட்கும் கணிப்பொறி

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? எஞ்சினும் அடிச்சட்டமும் சேர்ந்த சேசிஸ் வெளியூர்த் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதன்மேல் மரமும் இரும்புத் தகடும் கொண்டு பாடி கட்டுவது நம் ஊர்த் தொழிலாளர்களின் கைவண்ணம். அங்கே ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய போல்ட்டையும் நட்டையும் தாமே செய்துகொள்வதில்லை. பொதுத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பொதுத் தட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறிக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு.

எங்கள் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். மாணவி ஒருவர் தனி ஊசல் சோதனையைச் செய்து முடித்தார். ஊசலின் நீளத்துக்கும் அலைவு நேரத்தின் இருமடிக்கும் வரைபடம் வரைந்து, மறுநாள் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். அவருடைய அண்ணனின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இருந்தது. வரைபடம் வரையும் நிரல் ஒன்றை அதில் நிறுவ முயன்றார். "வேண்டிய துணைப் பொதி இல்லை" என்று கணினி மறுத்தது. புதிய பதிப்புக்கென்று செய்த பொதியை வேறோர் இடத்திலிருந்து இறக்கி, மீண்டும் முயன்றார். இம்முறை திரையில் நீண்ட பட்டியல் ஓடியது. கடைசியில் "தொடரலாமா?" என்று ஒரு கேள்வி. பட்டியலைப் படிக்காமலே "ஆம்" என்றார். கணினியை மறுபடி இயக்கியபோது சாளரங்களும் படங்களும் மறைந்திருந்தன. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும்!

கணினி கெட்டுவிட்டதா? இல்லை. சொன்னதைத்தான் அது செய்தது. எப்படி என்று பார்ப்போம்.

பொதியும் துணையும்

பின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இதை லாரியின் சேசிஸுக்கு ஒப்பிடலாம். இதன்மேல் பாடி கட்டித் தருவோர் உலகெங்கும் பலர். அவற்றுள் ஒன்று, 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன். டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவில் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியதே பாஸ் என்னும் இயங்குதளம். அது 2007-இல் வெளியாயிற்று. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தின் வழியே நம் பகுதி வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு நிரலும் ஒரு பொதியாக வருகிறது. பொதியின்மேல் ஒரு சீட்டு இருக்கும். "நான் இயங்க இன்னின்ன துணைப் பொதிகள் வேண்டும்; அவை இன்ன பதிப்பாக இருக்க வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கும். எழுத்தைத் திரையில் காட்டுவது, படத்தைத் திறப்பது போன்ற வேலைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே செய்வதில்லை. அவற்றைச் செய்யும் துணைப் பொதிகளைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்கின்றன. நாம் சொன்ன பொதுத் தட்டு இதுதான்.

முதலில் இந்தத் துணைகளை மனிதரே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தேடினால் அது இன்னொன்றைக் கேட்கும். அது வேறொன்றைக் கேட்கும். 1999-இல் வெளிவந்த டெபியன் 2.1-இல் ஆப்ட் என்ற கருவி சேர்ந்தது. சீட்டுகளைப் படித்து, வேண்டியவற்றை அதுவே வரவழைத்தது. பெரிய தலைவலி ஒன்று தீர்ந்தது. ஆனால் முழுவதும் தீரவில்லை.

மரை பொருந்தாவிட்டால்?

பட்டறையின் தட்டில் ஓர் அளவு போல்ட்டுக்கு ஒரே ஒரு பெட்டிதான் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பழைய மரை உள்ள போல்ட் வேண்டும்; மற்றவருக்குப் புதிய மரை வேண்டும். பெட்டியில் எதை வைப்பது? ஒருவர் வேலை நின்றுதானே தீரும்!

மாணவியின் கணினியிலும் இதுவே நடந்தது. புதிய நிரல் அடிப்படைத் துணைப் பொதி ஒன்றின் புதிய பதிப்பைக் கேட்டது. சாளரங்களைக் காட்டும் நிரல்களோ பழைய பதிப்போடு கட்டுண்டிருந்தன. "புதியது வேண்டுமானால் இவற்றை நீக்குவேன்" என்று ஆப்ட் பட்டியல் போட்டுக் காட்டியது. "ஆம்" என்று விடை வந்ததும் நீக்கிவிட்டது.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சேர்க்கையைக் கணிப்பொறி தேடிக் கண்டுபிடிக்கக் கூடாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பொதிகள், ஒவ்வொன்றுக்கும் 2 பதிப்புகள் என்றால் 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது 107 கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகள். நொடிக்கு ஒரு லட்சம் சேர்க்கைகளைச் சோதித்தாலும் ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். பொதிகள் 60 ஆனால்? மூன்றரை லட்சம் ஆண்டுகளுக்கும் மேல்! 2023-இல் வெளியான டெபியன் 12-இல் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. ஆகவே கருவிகள் எல்லாவற்றையும் சோதிப்பதில்லை. பொருந்தாதவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கழித்துக்கொண்டே போகின்றன. பெரும்பாலும் விடை நொடியில் கிடைக்கும். சில வேளை விடையே இராது.

தட்டே வேண்டாம் என்றால்?

ஒவ்வொரு நிரலும் தன் துணைகளைத் தானே சுமந்து வந்தால் சண்டை இல்லை. ஸ்னாப், பிளாட்பேக் ஆகிய முறைகள் பெருமளவு இவ்வாறே செய்கின்றன. ஆனால் வட்டில் இடம் மிகுதியாகச் செலவாகும். பழைய மடிக்கணினிக்கு இது பாரம். இன்னொரு குறையும் உண்டு. 2014-இல் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் துணைப் பொதியில், இரகசியங்கள் கசியக்கூடிய ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை தெரியவந்தது. பொதுத் தட்டில் இருந்த அந்த ஒரு பொதியை மாற்றிக் கணினியை மறுபடி இயக்கியதும், அதைப் பகிர்ந்துகொண்ட நிரல்கள் எல்லாவற்றிலும் ஓட்டை அடைபட்டது. ஒவ்வொரு நிரலும் தனிப்பிரதி வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். பகிர்வதில் பூசல் உண்டு; தனித்திருப்பதில் செலவு உண்டு. பொறியியலில் இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

பொதிகளை உங்கள் இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். அங்கே உள்ளவை ஒன்றோடொன்று பொருந்துமாறு தயாரிக்கப்பட்டவை. வேறு பதிப்புக்கானதைக் கலக்காதீர்கள். ஆப்ட் கருவியில் எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் வசதி உண்டு. முதலில் அதைப் பயன்படுத்துங்கள். "நீக்கப்படுபவை" என்ற பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். புரியாத பெயர் இருந்தால் "இல்லை" என்று சொல்லுங்கள். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம்.

அந்த மாணவி என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அளவீடுகள் தாளில் இருந்தன. அன்றிரவு வரைபடத்தாளில் கையால் வரைந்து மறுநாள் ஒப்படைத்தார். புள்ளிகள் நேர்கோட்டில் அழகாக அமைந்திருந்தன. பின்பு ஆய்வகத்தில் இருவரும் அமர்ந்து, நீக்கியவற்றை அந்தக் கறுப்புத் திரையிலிருந்தே ஒவ்வொன்றாக மீண்டும் நிறுவினோம். இந்த முறை ஒவ்வொரு பட்டியலையும் அவர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் "ஆம்" என்று தட்டினார்.