பழைய ஸ்போர்ட்ஸ் காரும் தேய்ந்த கியர்க்கோலும்

பதுளை நகரம் கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ 2,200 அடி உயரத்திலுள்ளது. அப்புத்தளையோ 4,700 அடிக்கு அண்மையிலுள்ளது. இவ்விரண்டினையும் பண்டாரவளை வழியாக இணைக்கும் பெருந்தெருவில் ஒரு வண்டி இறங்கும்போது அதன் வேகத்தை அடக்குவன பிரேக்குகள் மாத்திரமல்ல. தாழ்ந்த கியரிற் பூட்டப்பட்ட எஞ்சினும் அதனைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கின்றது. அவ்வேளையிற் கியர் தானாகவே கழன்று நடுநிலைக்கு வந்துவிடுமாயின் வண்டி முழுப் பாரத்தோடும் சரிவில் உருளத் தொடங்கும். பழைய உருளைப் பிரேக்குகள் சூடேறிப் பிடிமானம் குன்றியிருக்கும் நேரமும் அதுவே. ஆதலின், சமவெளியிற் சிறு தொல்லையாக எண்ணப்படும் தேய்ந்த கியர்க்கோல், ஊவா மலைப்பாதையில் உயிரோடு தொடர்புடைய குறையாகின்றது.

இதனை விளக்குதற்கு எம். ஜி. டீ. சீ. என்னும் வண்டி ஏற்ற எடுத்துக்காட்டாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1945 இல், இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் இதன் உற்பத்தி தொடங்கிற்று. 1949 வரையில் ஏறத்தாழ 10,000 வண்டிகள் செய்யப்பட்டன. 1,250 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் நான்கு கியர்களும் உடைய இவ்விரு இருக்கை வண்டி பல நாடுகளுக்கும் ஏற்றுமதியானது, இலங்கைக்கும் வந்தது. நுவரெலியாவில் 1934 இல் ஆரம்பித்த மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்றவை, தோட்டத் துரைமாரிடையே இவ்வகை வண்டிகள்மேல் மோகத்தை வளர்த்தன. பின்னர் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 1960 களில் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் பலர் நாடு திரும்பினர். புதிய வண்டி கிடையாத காலத்தில், இருந்த வண்டியைச் செப்பனிட்டு ஓட்டுவதே வழியாயிற்று. அவ்வகையில் உருவானதே மலைநாட்டுப் பிட்டர்மாரின் கைத்திறன். கொழுந்தரைக்கும் இயந்திரத்தின் அச்சுக்கும் புஷ்ஷுக்கும் லேத் பிடித்துப் பழகிய கைகளுக்கு மோட்டார் வண்டி அந்நியமன்று.

இத்தகைய வண்டியைப் புதுப்பிக்க முற்படுவோர் பெரும்பாலும் வண்ணப்பூச்சிலும் தோல் இருக்கையிலும் முதலிற் பணத்தைச் செலவிடுகின்றனர். இது தலைகீழான முறையாகும். டீ. சீ. யின் உடல் ஆஷ் மரச் சட்டத்தின்மேல் உருக்குத் தகடு போர்த்தியது. மலைநாட்டுப் பனியும் ஈரமும் கறையானும் அச்சட்டத்தைத் தின்றிருக்க, மேலே பூசும் வண்ணத்தாற் பயன் யாது? மரச்சட்டம், பிரேக்கு, ஸ்டியரிங், கியர் என்பன செவ்வைப்பட்ட பின்னரே அலங்காரத்துக்கு இடமுண்டு.

இனி, கியர்க்கோலின் அமைப்பை நோக்குவாம். கியர்க்கோல் ஒரு நெம்புகோலேயாகும். அதன் இடையிலுள்ள உருண்டை, கிண்ணம்போன்ற இருக்கையில் அமர்ந்து சுழலிடமாகின்றது. கை பிடிக்கும் மேற்பகுதி நீண்டது, கீழ்ப்பகுதி குறுகியது. டீ. சீ. யிலே கோல் கியர்ப் பெட்டியின் மேல் நேரே நில்லாது, பின்னோக்கி நீண்ட ஓர் அலுமினியக் கூட்டில் நிற்கின்றது. ஓட்டுபவரின் கைக்கு எட்டுதற்பொருட்டுச் செய்த ஏற்பாடு இது. கோலின் அடிநுனி ஒரு தண்டை அசைக்க, அத்தண்டு முன்சென்று பெட்டியினுள்ளிருக்கும் தெரிகோல்களை நகர்த்தும். இணைப்பொன்று கூடுந்தோறும் தேயும் இடமொன்றும் கூடுகின்றதன்றோ?

கீழ்ப்பகுதியின் நீளம் ஒரு பங்கும் மேற்பகுதியினது ஆறு பங்கும் எனக் கொள்வோமாயின், அடியில் ஒரு மில்லிமீற்றர் தேய்வு கைப்பிடியில் ஆறு மில்லிமீற்றர் ஆட்டமாகத் தோன்றும். கோல் தளர்ந்து கடகடவென ஒலிப்பது இதனாலேயே. ஒலி மட்டுமே குறையாயின் பொறுத்துக்கொள்ளலாம். கேடு அதற்கும் அப்பாலுள்ளது. கையின் அசைவில் ஒரு பங்கு ஆட்டத்திலேயே வீணாவதால், தெரிகோல் செல்லவேண்டிய தூரம் முழுவதும் செல்வதில்லை. பற்கள் முழு அகலத்திற் கவ்வாமல் நுனியில் மாத்திரம் கவ்வுகின்றன. நுனி தேய்ந்து சரிவாகும். சரிந்த பற்களின்மேற் பாரம் விழும்போது அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். தெரிகோலின் பள்ளத்திற் சிறு உருக்குக் குண்டொன்றைச் சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். கியர் கழலாது காப்பது அதுவே. அவ்வில்லும் தளர்ந்ததாயின், இறக்கத்தில் எஞ்சின் எதிர்த்து இழுக்கும் வேளையிற் கியர் கழன்றுவிடுகின்றது. பத்து ரூபாய்த் தேய்வு பதினாயிரம் ரூபாய்ப் பற்சில்லை அழிக்கும் வழி இதுதான்.

பழுது பார்க்குமிடத்து முதலிற் கூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவவேண்டும். இங்கே ஒரு விநோதத்தைக் கவனித்தல் நன்று. வில்லியம் மொறிஸ் 1923 இல் வாங்கிய கொவென்றி எஞ்சின் தொழிற்சாலை, ஹொச்கிஸ் என்னும் பிரெஞ்சுக் கம்பனிக்குரியதாயிருந்தது. அதன் பயனாக, இவ்வெஞ்சினிலும் கியர்ப் பெட்டியிலும் உள்ள ஆணிகளின் மறை மெற்றிக் முறையிலும், தலை ஆங்கிலேய விற்வேத் அளவிலும் அமைந்தன. அதிலும் எட்டு மில்லிமீற்றர் ஆணியின் புரியிடைவெளி ஒரு மில்லிமீற்றர். கடையிற் சாதாரணமாகக் கிடைக்கும் ஆணியினது 1.25. தெரியாமல் புதிய ஆணியை முறுக்குவோர் அலுமினியக் கூட்டின் மறையையே சிதைத்துவிடுவர். கழற்றிய ஆணிகளைப் பத்திரப்படுத்துவது இதனாலேயே இன்றியமையாதது.

தேய்ந்த உருண்டையைப் பித்தளை ஒட்டினால் நிரப்பி, லேத்திற் கடைந்து, தகட்டில் வெட்டிய வளைவு அச்சொன்றை வைத்து உருண்டை சரியோ எனப் பார்க்கவேண்டும். அடிநுனிக்குப் பித்தளை போதாது. அதனை உருக்கினால் வெல்டிங் செய்து, அரத்தாற் செதுக்குதல் வேண்டும். தண்டு ஓடும் துளை நீள்வட்டமாய்ப் போயிருப்பின், அதனை அகலித்து வெண்கல புஷ் இறுக்கலாம். ஆட்டமே இருத்தலாகாதெனக் கருதி மிகையாக இறுக்குவது தவறு. எண்ணெய்ப் படலம் நிற்பதற்கு மயிரிழை இடைவெளி வேண்டும். தெரிகோலை உருவும்போது குண்டும் வில்லும் துள்ளிப் பறக்குமாதலின், துளையைத் துணியால் மூடிக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். பழைய வில்லை இழுத்து நீட்டி மீண்டும் இடுவது வீண்வேலை, புதிதே இடவேண்டும்.

உள்ளூரிற் செய்த உறுப்பு வண்டியின் மெய்ம்மையைக் கெடுக்கும் என்பார் சிலர். பிரிட்டனில் இவ்வண்டிக்குரிய உறுப்புக்கள் இன்றும் செய்து விற்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆயின் 2022 இல், டொலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபாய் சில வாரங்களில் 360 அளவுக்கு வீழ்ந்தபோது, அவற்றின் விலை பலருக்கும் எட்டாததாயிற்று. கண்ணுக்குத் தெரியாத புஷ் ஒன்றைப் பதுளையிற் கடைவதால் வண்டி பொய்யாகிவிடாது. பற்சில்லு அவ்வாறன்று. அதன் பல்லை வெட்டுதற்கும் பதமாக்குதற்கும் தனிக் கருவிகள் வேண்டும். அங்கே சிக்கனம் பார்த்தல் ஆபத்தானது.

எல்லாம் பூட்டி எண்ணெய் ஊற்றிய பின்னர், மலைப்பாதையிலேயே சோதனை நடத்தவேண்டும். முதலாம் கியருக்குப் பல்லிணைக்கும் துணையமைப்பு இவ்வண்டியில் இல்லையாகையால், ஓடும்போது அதற்கு இறங்க விரும்புவோர் கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சின் வேகத்தைக் கூட்டுதல் வேண்டும். அதனைத் தெருவில் ஆளில்லா நேரத்திற் பழகிக்கொள்ளலாம். பின்னர் அப்புத்தளையிலிருந்து மூன்றாம் கியரில் மெதுவாக இறங்கி, எண்ணெய் மிதியினின்றும் காலை எடுத்து, கோலைத் தொடாமல் நோக்கவேண்டும். கைப்பிடி அசையாதிருப்பின் வேலை செவ்விது. அது நடுங்கி நடுநிலைப் பக்கம் ஊர்ந்துவருமாயின், பெட்டியை மறுபடியும் திறக்கவேண்டியதே.