‘இனி வீட்டை கொண்டு போங்கோ’ என்று சொல்லப்பட்ட பிறகு

“இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை, வீட்டை கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ.” புற்றுநோய் முற்றியவர்களின் குடும்பங்கள் வைத்தியசாலை விறாந்தையில் கேட்கும் வசனம் இது. நோயைக் குணப்படுத்த வழியில்லை என்பது உண்மையாக இருக்கலாம். செய்ய ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல. நோவைக் குறைக்கலாம், மூச்சுத்திணறலைத் தணிக்கலாம், படுக்கைப்புண் வராமல் பார்க்கலாம், இரவில் நித்திரை கொள்ள வைக்கலாம். இந்த வேலைக்குத்தான் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். வைத்தியர்கள் ‘பலியேற்றிவ் கெயார்’ என்பார்கள். கடைசி வாரத்துக்கு மட்டும் உரியதல்ல இது. கடும் நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துத் தொடங்கக்கூடியது. ஹொஸ்பிஸ் என்பது இதன் இறுதிக் கட்டத்தைக் கவனிக்கும் இடம் அல்லது சேவை.

1967இல் லண்டனில் முதலாவது நவீன ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், தாதியாகவும் சமூக சேவையாளராகவும் வேலை செய்த பின்னர் வைத்தியரானவர். சாகும் தறுவாயில் இருப்பவரின் நோவு உடம்பில் மட்டும் இருப்பதில்லை என்பதே அவருடைய முக்கியமான கருத்து. மனம், குடும்பம், பணம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த ‘முழு நோவு’ அது என்றார். போரைக் கடந்து வந்த எங்கள் சனத்துக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

2009இல் வன்னியின் கடைசி மாதங்களில், மயக்க மருந்து போதாத நிலையிலேயே காயக்காரருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அப்படியான இடங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் பலர், நோவைச் சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். “எப்பிடி அம்மா இருக்கு?” என்று கேட்டால் “பரவாயில்லை தம்பி” என்பார்கள். வைத்தியரும் அதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஆகவே கேட்கும் விதத்தை மாற்றவேண்டும். நோவே இல்லாவிட்டால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10 என்று வைத்து, இப்போது எத்தனை என்று கேட்கலாம். சொல்ல முடியாதவராக இருந்தால் முகத்தைப் பார்க்கவேண்டும். புரட்டும்போது நெற்றி சுருங்குகிறதா, பக்கத்துக் கையைப் பிடிக்கிறாரா? உடம்பில் பழைய ஷெல் துண்டு இருந்தால் அதையும் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள். நோவின் காரணத்தைப் பிரித்தறிய அது உதவும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முன் சொல்லாமல் விட்டால் ஆபத்தும் உண்டு.

இன்னொன்று, குடும்பங்களைப் பெரிதும் பயமுறுத்துவது. இறுதி நாட்களில் நோயாளியின் நினைவு தடுமாறுவது வழமை. போர், சித்திரவதை போன்றவற்றைக் கடந்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றத்தில் பழைய காலம் திரும்பி வரக்கூடும். “பங்கருக்குள்ள இறங்குங்கோ” என்று கத்துவார்கள், பிள்ளையைத் தேடுவார்கள். ‘பேய் பிடிச்சிட்டுது’ என்றோ ‘புத்தி பேதலிச்சிட்டுது’ என்றோ முடிவுகட்ட வேண்டாம். முதலில் வைத்தியருக்குச் சொல்லுங்கள். காய்ச்சல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மருந்து என்று திருத்தக்கூடிய காரணங்கள் இருக்கலாம். மங்கலான விளக்கொன்றை எரிய விடுங்கள். தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கையைக் கட்டிவைப்பது நிலைமையை மோசமாக்கும்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்த பெற்றோர் பலர், பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அந்த நோவுக்குக் குளிசை கிடையாது. “அவன் வருவான், யோசிக்காதேங்கோ” என்று பொய் சொல்வதும் “இனி மறவுங்கோ” என்பதும் உதவாது. பிள்ளையின் பெயரைச் சொல்ல, படத்தைப் பார்க்க, கோவையில் உள்ள கடிதங்களை இனி யார் வைத்திருப்பது என்று தீர்மானிக்க இடம் கொடுப்பதும் பராமரிப்பில் சேர்த்தி.

மோர்பின் என்றாலே பலருக்குப் பயம். அடிமையாகிவிடுவார், சீக்கிரம் செத்துப்போவார் என்று. கடும் நோவுக்கு, வைத்தியர் சொன்ன அளவில், ஒழுங்கான நேரத்துக்கு எடுக்கும் மோர்பின் அடிமைத்தனத்தைக் கொண்டுவருவது அரிது. மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை. சாதாரண மோர்பினின் வேலை சுமார் நான்கு மணித்தியாலம் நிற்கும். எனவே நோவு திரும்பி வரும்வரை காத்திராமல் சொன்ன நேரத்துக்குக் கொடுக்கவேண்டும். முதல் சில நாட்கள் நித்திரைத் தூக்கமும் ஓங்காளமும் இருக்கலாம், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதற்கான மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு நின்றதும் வீட்டில் சண்டை தொடங்கும். கனடாவில் இருக்கும் மகன் வட்ஸ்அப்பில் “ஏன் சேலைன் ஏத்தேல்லை?” என்று கேட்பார். இரவு பகலாகப் பார்க்கும் மகள் அழுவார். இறக்கும் உடம்புக்குப் பசி குறைவது இயல்பு. பட்டினியால் அவர் சாகவில்லை. அந்த நேரத்தில் ஏற்றும் சேலைன் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டக்கூடும். ஈரப்பஞ்சால் வாயையும் உதட்டையும் நனைப்பதே பெரிய ஆறுதல். தூரத்தில் இருப்பவர்கள் கட்டளையிடுவதைக் குறைத்து, பார்ப்பவருக்கு ஒரு இரவு நித்திரைக்கு வழி செய்தால் நல்லது.

உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவை என்றும், கிடைப்பது சுமார் 14 வீதத்தினருக்கே என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. இலங்கையில் 2019–2023 காலத்துக்கென ஒரு தேசிய மூலோபாயச் சட்டகம் வரையப்பட்டது. ஆனால் திட்டத்துக்கும் முல்லைத்தீவின் கடைசிக் கிராமத்துக்கும் இடையில் தூரம் அதிகம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் எழுந்த தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை பெரும் உதவிதான். என்றாலும் படுக்கையில் கிடப்பவரை அங்கே ஏற்றி இறக்க வாகனக் காசு வேண்டும்.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் சிறிதாகத் தொடங்கிய முயற்சி, அயலவர்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகும் வலையமைப்பாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. எங்கள் ஊர்களில் மரணச் சடங்குக்குக் கதிரையும் பந்தலும் கொடுக்கும் சங்கங்கள் உண்டு. அதற்கு முந்திய ஆறு மாதத்துக்கு எதுவும் இல்லை. அதே சங்கம் ஒரு காற்று மெத்தையையும் ஒரு சக்கர நாற்காலியையும் வாங்கி வைத்தால் எத்தனையோ முதுகுகள் புண்ணாகாது.

வாட்டிலிருந்து துண்டு வெட்டும் நாளில், வீட்டுக்குப் புறப்படும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். நோவு கூடினால் மேலதிகமாக எவ்வளவு கொடுக்கலாம்? குளிசை முடிந்தால் எந்த வைத்தியசாலையில் எடுப்பது? இரவில் மூச்சுத் திணறினால் யாருக்கு அழைப்பது? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து யாராவது வீட்டுக்கு வருவார்களா? நோயின் நிலைமை நோயாளிக்குத் தெரியுமா, தெரியாவிட்டால் அவருக்கு அதை யார் சொல்வது?