நல்லடக்கத்தில் இணைந்த இரு சமயங்கள்

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், கினியாவுக்கும் லைபீரியாவுக்கும் இடையே உள்ள சிறிய நாடு சியரா லியோன். அதன் மக்களில் நான்கில் மூன்று பங்குக்குமேல் முஸ்லிம்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். முன்னோரைப் பற்றிய பழைய ஆப்பிரிக்க நம்பிக்கைகள் இரு சாராரிடமும் வேரூன்றியுள்ளன. 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் எபோலா நோய் இந்த நாட்டைச் சூறையாடியது. அப்போது இமாம்களும் பாதிரியார்களும் மருத்துவப் பணியாளர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். சமயங்கள் கூடிச் செயல்பட்டால் பேரிடரில் எதைச் சாதிக்க முடியும், அதற்கு முன்கூட்டியே என்னென்ன இருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த உழைப்பில் விடை இருக்கிறது.

முன்பே இருந்த உறவு

சியரா லியோனில் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே திருமணம் நடப்பது சகஜம். ஒரே வீட்டில் அண்ணன் பள்ளிவாசலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் போவதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. பொதுக்கூட்டங்கள் இரு சமயப் பிரார்த்தனைகளோடு தொடங்குகின்றன. இந்த இணக்கம் பொதுப்பணிக்கும் பயன்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் யூனிசெஃப் ஆதரவோடு நடந்த தடுப்பூசி இயக்கத்தில், முஸ்லிம்களுக்கு ஒன்றும் கிறிஸ்தவர்களுக்கு ஒன்றுமாகச் செயற்குழுக்கள் அமைந்து, வழிபாட்டு இடங்கள் வழியாகத் தாய்மார்களிடம் பேசின. 1986-ல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 6 சதவீதமாக இருந்த தடுப்பூசி அளவு, 1990-க்குள் 75 சதவீதமாக உயர்ந்தது.

1991-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. போரின் நடுவே, 1997 ஏப்ரலில், இரு சமயத் தலைவர்களும் சேர்ந்து சியரா லியோன் சமயங்களுக்கிடையிலான பேரவையை நிறுவினார்கள். அடுத்த மாதமே ராணுவப் புரட்சி நடந்தது. பேரவை அதை வெளிப்படையாகக் கண்டித்தது. 1999 ஜனவரியில் கிளர்ச்சிப் படை தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகுந்து பெரும் அழிவை ஏற்படுத்தியது. அதற்குப் பிறகு பேரவையினர் அதிபர் அகமது தேஜான் கப்பாவையும் கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சங்கோவையும் தனித்தனியே சந்தித்துப் பேச்சுவார்த்தைக்கு வழி தேடினார்கள். டோகோ நாட்டின் லோமே நகரில் 1999 ஜூலை 7 அன்று கையெழுத்தான அமைதி ஒப்பந்தத்தில் அவர்களின் பங்கு கணிசமானது. அந்த ஒப்பந்தத்தின் வழியே அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் பேரவையைச் சேர்ந்த மெதடிஸ்ட் ஆயர் ஜோசஃப் ஹம்பர். 2002-ல் போர் முடிந்தது. அரசை நம்பாத ஊர்களிலும் இமாமையும் பாதிரியாரையும் நம்பும் வழக்கம் அந்தப் போர்க்காலத்தில் மேலும் உறுதிப்பட்டது.

இறுதிச் சடங்கில் பரவிய நோய்

எபோலா வைரஸ் காற்றில் பரவுவதில்லை. நோயாளியின் ரத்தம், வாந்தி, வியர்வை போன்ற உடல் திரவங்களைத் தொடுவதால் தொற்றுகிறது. 2 முதல் 21 நாள்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். நோய் முற்ற முற்ற உடலில் வைரஸின் அளவு பெருகும். ஆகவே இறந்தவரின் உடல்தான் மிகவும் ஆபத்தானது.

சியரா லியோனில் இறந்தவரை வெறுமனே புதைப்பது பெரும் குற்றமாகக் கருதப்படுகிறது. உறவினர்கள் உடலைக் குளிப்பாட்டி, தொட்டு, முத்தமிட்டு வழியனுப்புவார்கள். முஸ்லிம்களுக்கு மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டிக் கஃபன் எனும் வெள்ளைத் துணி அணிவிப்பது சமூகத்தின் மீது விதிக்கப்பட்ட கடமை. முறைப்படி அடக்கம் செய்யப்படாதவர் முன்னோரின் உலகைச் சேரமாட்டார் என்ற அச்சமும் பரவலாக உண்டு. அன்பாலும் கடமையாலும் எழுந்த இந்தச் சடங்கே நோய்க்குப் பாதையானது. கினியாவிலிருந்து வந்த எபோலா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த ஒரு நாட்டு வைத்தியர், கைலாஹுன் மாவட்டத்தில் நோய் தொற்றி இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கோடு 365 எபோலா மரணங்கள் வரை தொடர்புடையவையாக இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு பதிவு செய்துள்ளது. கினியாவில் 60 சதவீத நோய்த்தொற்றுகள் இறுதிச் சடங்குகளோடு தொடர்புடையவை என்று 2014-ல் கணக்கிடப்பட்டது.

ஆணை தோற்ற இடம்

2014 மே மாத இறுதியில் சியரா லியோனில் முதல் நோயாளி உறுதி செய்யப்பட்டார். ஜூலை இறுதியில் அதிபர் எர்னஸ்ட் பாய் கொரோமா நெருக்கடி நிலையை அறிவித்தார். உடல்களை அகற்ற அடக்கக் குழுக்கள் அமர்த்தப்பட்டன. முழுக் கவச உடையில் வந்தவர்கள் உடலைப் பையில் இட்டு, கிருமிநாசினி தெளித்து, வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். பல இடங்களில் ஜனாஸா எனும் இறுதித் தொழுகையோ கிறிஸ்தவ ஜெபமோ இல்லை. எங்கே புதைத்தார்கள் என்பதுகூடக் குடும்பத்துக்குத் தெரியவில்லை.

மருத்துவத்தின்படி இது சரியாகவே இருந்தது. ஆனால் மக்கள் நோயாளிகளை வீட்டில் மறைத்தார்கள். இறந்தவர்களை இரவில் ரகசியமாகக் குளிப்பாட்டிப் புதைத்தார்கள். எபோலாவுக்கு மருந்தே இல்லை என்ற தொடக்ககாலப் பிரசாரமும், மருத்துவமனைக்குப் போய் என்ன பயன் என்ற எண்ணத்தை வளர்த்தது. சமயத் தலைவர்களிடமும் தவறுகள் இருந்தன. நோய் கடவுளின் தண்டனை என்று சிலர் போதித்தார்கள். நோயாளிகள்மேல் கைவைத்து ஜெபித்த போதகர்களும், மையத்தைக் குளிப்பாட்டிய இமாம்களும் நோய்க்குப் பலியானார்கள்.

வேதத்திலிருந்து கிடைத்த வழி

மாற்றம் இரு முனைகளிலிருந்து வந்தது. ஃபோகஸ் 1000 என்ற உள்நாட்டு அமைப்பு, தடுப்பூசி இயக்கக் காலத்து முஸ்லிம், கிறிஸ்தவச் செயற்குழுக்களுக்குப் புத்துயிர் கொடுத்தது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக முன்பு உருவாக்கிய பயிற்சி முறையை எபோலாவுக்கு ஏற்ப மாற்றி, வேர்ல்டு விஷன் நிறுவனம் இரு சமயத் தலைவர்களுக்கும் வகுப்பு நடத்தியது. நோய் எப்படிப் பரவுகிறது என்பதை மருத்துவர்கள் விளக்கினார்கள். அதற்குத் தத்தம் வேதம் என்ன சொல்கிறது என்பதைத் தேடும் பொறுப்பு சமயத் தலைவர்களுடையது.

கொள்ளைநோய் பரவும் ஊருக்குள் நுழையாதீர்கள், அந்த ஊரில் இருப்பவர்கள் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை இமாம்கள் எடுத்துக்காட்டினார்கள். கொள்ளைநோயில் இறப்பவர் ஷஹீத் எனும் தியாகியின் தகுதியைப் பெறுவதால், குளிப்பாட்டாமல் அடக்கம் செய்தாலும் அவருக்குக் குறை ஏதும் இல்லை என்று விளக்கினார்கள். தண்ணீர் கிடைக்காதபோது மண்ணைத் தொட்டுத் தூய்மை செய்யும் தயம்மும் முறையும் துணைக்கு வந்தது. தொற்றுநோயாளியை ஏழு நாள் விலக்கி வைக்கச் சொல்லும் லேவியராகமப் பகுதியைப் பாதிரியார்கள் மேற்கோள் காட்டினார்கள். வழிபாட்டு இடங்களின் வாயிலில் குளோரின் கலந்த தண்ணீர் வாளிகள் வைக்கப்பட்டன. இமாமும் பாதிரியாரும் இணையாகச் சென்று, தேவாலயத்தில் இமாமும் பள்ளிவாசலில் பாதிரியாரும் பேசியது மக்களை ஆழமாகத் தொட்டது. எந்தச் சமயமும் தன் கோட்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. தன் கோட்பாட்டுக்குள்ளேயே வழி கண்டது.

பாதுகாப்பும் மரியாதையும்

2014 நவம்பர் 7 அன்று உலக சுகாதார அமைப்பு, பாதுகாப்பான, மரியாதையான நல்லடக்கத்துக்கான நெறிமுறையை வெளியிட்டது. செஞ்சிலுவைச் சங்கம், உலகத் திருச்சபைகளின் பேரவை, இஸ்லாமிக் ரிலீஃப், காரிதாஸ், வேர்ல்டு விஷன் ஆகியவை அதன் உருவாக்கத்தில் பங்கேற்றன. அந்த நெறிமுறை 12 படிகளைக் கொண்டது. குழு வீட்டை அடைந்தவுடனே கவச உடை அணிவதில்லை. முதலில் குடும்பத்தாரிடம் ஆறுதல் சொல்லி, நடக்கப்போவதை விளக்கி, ஒப்புதல் பெற வேண்டும். பிரார்த்தனைக்கு யாரை அழைப்பது, கல்லறையில் என்ன எழுதுவது என்பதைக் குடும்பமே முடிவு செய்யலாம்.

முஸ்லிம் ஒருவர் இறந்திருந்தால், பயிற்சி பெற்ற முஸ்லிம் உறுப்பினர் கவச உடையோடு, உடல் பையின் மேலாகவே தயம்மும் செய்யலாம். வெள்ளைத் துணியைப் போர்த்தவோ, வெள்ளைப் பையையே கஃபனாகக் கருதவோ இடம் உண்டு. உறவினர்கள் தள்ளி நின்று தொழலாம். கிறிஸ்தவக் குடும்பம் வேத வாசகத்தோடும் ஜெபத்தோடும் விடைகொடுக்கலாம். தொடுவது மட்டுமே விலக்கப்பட்டது. வழியனுப்பும் உரிமை குடும்பத்துக்கே திரும்பியது. இமாம்களும் பாதிரியார்களும் கல்லறை அருகே நின்றதால் அடக்கக் குழுக்கள்மீது இருந்த வெறுப்பு குறைந்து, மரணச் செய்தியை மறைக்காமல் 117 என்ற அவசர எண்ணில் தெரிவிக்கும் போக்கு வளர்ந்தது. நோயிலிருந்து மீண்டவர்களை ஊரார் ஒதுக்கியபோது, சமயத் தலைவர்கள் அவர்களைச் சபைக்கு முன்பாக வரவேற்று அச்சத்தைப் போக்கினார்கள்.

சியரா லியோனில் 14,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர். 2015 நவம்பர் 7 அன்று நோய்ப் பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2016 ஜனவரியில் மீண்டும் தலைகாட்டிய நோய், மார்ச் மாதத்தில் ஓய்ந்தது. சிகிச்சை மையங்கள், தொடர்புடையோரைத் தேடிக் கண்காணித்த பணியாளர்கள், உடலைக் குளிப்பாட்டிப் புதைப்பதற்கு அபராதம் விதித்த ஊர்த் தலைவர்களின் கட்டுப்பாடுகள் என வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. மக்கள் அவற்றை மனமுவந்து ஏற்கச் செய்ததே சமயத் தலைவர்களின் தனிப் பங்கு.

குறைகளும் பாடங்களும்

முதல் குறை தாமதம். ஊரின் நம்பிக்கையைப் பெற்றவர்களைப் பல மாதங்களுக்குப் பிறகே முழு அளவில் அழைத்தார்கள். அதற்குள் நோய் நாடெங்கும் பரவிவிட்டது. அப்போதும் அவர்களை அறிவிப்பாளர்களாக மட்டும் கருதிய இடங்கள் இருந்தன. நெறிமுறையை வகுப்பதிலேயே அவர்களைச் சேர்த்த பிறகுதான் முழுப் பலன் கிடைத்தது. பூர்வ நம்பிக்கைகளைப் பேணும் நாட்டு வைத்தியர்களும் மூத்தோரும் இந்தக் கூட்டணிக்கு வெளியே நின்றது இன்னொரு குறை. அவர்களோடு பேசினால் வழி பிறக்கும் என்பதைக் கினியா காட்டியது. கர்ப்பிணி இறந்தால், கருவைப் பிரித்தெடுத்த பிறகே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அங்குள்ள கிஸி மக்களின் மரபு. எபோலா காலத்தில் அப்படி ஒருத்தி இறந்தபோது, மூத்தோர் பரிகாரச் சடங்கு ஒன்றைக் கண்டறிந்தார்கள். சுகாதாரக் குழு அதற்கு உதவியது. உடலைத் தொடாமலேயே அடக்கம் நடந்தது.

சமய ஒத்துழைப்பு செயல்பட மூன்று நிபந்தனைகள் தேவை. பேரிடருக்கு முன்பே சமயத் தலைவர்களிடையே பழக்கமும் அமைப்பும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான, தெளிவான வேலை ஒன்று இருக்க வேண்டும். அறிவியல் தகவலை மருத்துவர்களும், அதற்கான வேத விளக்கத்தை அந்தந்தச் சமயத்தாரும் தரும் பொறுப்புப் பகிர்வு வேண்டும். 2018-ல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் எபோலா பரவியபோது, நோய்த்தடுப்பின் முக்கியப் பகுதியாகப் பாதுகாப்பான, மரியாதையான நல்லடக்கம் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. ஆனாலும் ஆயுத மோதலால் அரசின் மீதும் வெளியாரின் மீதும் நம்பிக்கை இழந்திருந்த அந்தப் பகுதியில், அடக்கக் குழுக்கள் பலமுறை தாக்கப்பட்டன. நெறிமுறையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அதைச் செயல்படுத்தத் தேவையான நம்பிக்கையை ஒவ்வொரு ஊரிலும் அமைதிக் காலத்திலேயே வளர்க்க வேண்டும்.