வெற்றிலை வட்டாவும் பற்றுவாங்கியும்

மட்டக்களப்பு வாவியில் இரவெல்லாம் வலைவீசுவோர்க்கு உறக்கந் தெளிவிப்பது வெற்றிலை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் விருந்தினர்முன் முதலில் வைக்கப்பெறுவதும் வெற்றிலை வட்டாவே. ஆயின், இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றேயாம். புகையிலையைப் பழிப்பார் பலர். பாக்கின் குற்றத்தை நினைப்பார் சிலர். பாக்குத் தனித்தே புற்று விளைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூல் அறுதியிட்டுரைத்தது.

பாக்கு என்ன செய்கின்றது? இழையத்திலுள்ள ஒவ்வொரு கலமும் தன் மேற்பரப்பிலுள்ள சில புரதங்களால் அயலிலுள்ள நார்ப்பொருளைப் பற்றி நிற்கின்றது. பற்றியது எதுவென்னுஞ் செய்தியையும் உள்ளே அனுப்புகின்றது. அப்புரதத்துக்கு 1986 இல் இன்ரகிரின் எனப் பெயரிட்டனர் ரிச்சட் ஹைன்சும் அவர்தங் குழுவினரும். நம் பாடநூல்கள் வாங்கி என்பதைத் தமிழகத்தார் ஏற்பி என்பர். பெறுதலோடமையாது பற்றுதலுஞ் செய்தலின், பற்றுவாங்கி என்பதே எனக்கு உவப்பு.

மீன்முள் கையைக் கிழித்ததாகக் கொள்வோம். விளிம்பிலுள்ள தோற்கலங்கள் பழைய பிடியைத் தளர்த்திப் புதிய பற்றுவாங்கிகளை ஊன்றி ஊர்ந்து சென்று புண்ணை மூடும். அக்காலத்துத் தோன்றுவனவற்றுள் ஒன்று ஆல்பா-வி பீற்றா-6. நலமுள்ள மேலணியில் இது அநேகமாக இராது. புண் ஆறுங்கால் தோன்றி, ஆறியபின் மறையும். உறங்கிக்கிடக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியை எழுப்பி, அதன் வழியே நார் பின்னச் செய்வது இதன் தொழில்களுள் ஒன்று.

பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் பொருள் வாயின் மேலணிக் கலங்களில் இதே வாங்கியை மிகுவிக்கின்றதென இங்கிலாந்து ஆய்வாளர் 2011 இல் காட்டினர். புண்ணின்றியே புண்ணாற்றும் வேலை தொடங்கிவிடுகின்றது! கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகும், மிளகாய் பட்டால் எரியும், வாய் ஒடுங்கும். இவ்வாறு இறுகிய வாயினர் சிலர்க்குப் புற்று எழும். புற்றிலோ அவ்வாங்கி மறைவதில்லை. கலங்கள் அயல் இழையத்துட் புகுதற்குத் துணைபோகின்றது. புற்றுத் திரளை ஆறாத புண் போன்றதென 1986 இல் ஹரல்ட் டுவொராக் எழுதியது எத்துணைப் பொருத்தம்!

வாங்கியை மருந்தால் அடைத்தாலென்ன என்பார் உளர். இவ்வினத்து வேறிரு வாங்கிகளை அடைக்கும் சிலெங்கிரைட் என்னும் மருந்து மூளைப்புற்று நோயாளரின் ஆயுளை நீட்டவில்லையென 2014 இல் வெளிவந்த பெருஞ்சோதனை காட்டிற்று. அன்றியும், புண் ஆறுதற்கும் பற்றுவாங்கிகள் வேண்டுமன்றோ?

தம் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாயினுட் செலுத்த இயலாதவரும், கன்னத்தில் தேய்த்தாலும் போகாத வெண்படை உடையவரும் பல் வைத்தியரை அணுகினால், அவர் வேண்டுமிடத்துச் சிறு துண்டு இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பிப்பார்.